மதுரை வீரனுக்கு எதற்குக் காசி ராஜா?

1956 ஏப்ரல் 13. சித்திரைப் புத்தாண்டையொட்டி 'மதுரை வீரன்' திரைக்கு வந்தது. லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் தயாரிப்பு, டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், ஜி. ராமநாதன் இசை. வீரனாக எம்.ஜி.ஆர்., பொம்மியாக பி. பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி. மதுரையில் வெள்ளி விழா கண்ட படம். எம்.ஜி.ஆரை ஏழை எளிய மக்களின் நாயகனாக நிலைநிறுத்திய படங்களைப் பட்டியல் போட்டால் இதை விட்டுவிட முடியாது.

படம் வெளியான மறுநாள் அண்ணல் அம்பேத்கருக்கு 65 வயது நிறைந்தது. அதுவே அவர் உயிரோடு கண்ட கடைசிப் பிறந்த நாள். அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார், டிசம்பர் 6 அன்று மறைந்தார். பிறப்பால் ஒருவரை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று சொல்லும் மதமே வேண்டாம் என்று அவர் லட்சக்கணக்கானவர்களோடு வெளியேறிய அதே ஆண்டில், தமிழ்த் திரை தன் அருந்ததிய நாயகனுக்கு ஒரு ராஜ பிறப்பைக் கொடுத்துத்தான் பாளையக்காரர் மகளைக் கட்டிக்கொள்ள அனுமதித்தது. இந்த முரணைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறோம்.

மதுரை வீரன் கதை நமக்குத் தூரத்துக் கதையல்ல. மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடை வழியாக மேலூர் போகும் இந்தச் சாலையும், வடக்கே தெரியும் அழகர்மலையும்தான் கதையின் கடைசிப் பகுதி நடக்கும் களம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அருவாளோடு நிற்கும் வீரன் சாமிக்குப் பொங்கல் வைக்காத வருடம் கிடையாது. நம் வீடுகளில் பலருக்கும் அவர் குலசாமி. அதனால்தான் இந்தக் கேள்வி நமக்கு முக்கியம்: நம் குலசாமி யாருடைய பிள்ளை?

கதை என்ன சொல்கிறது?

கதைப்பாடலாகவும் கூத்தாகவும் வழங்கும் கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

காசி ராஜாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொல்கிறார்கள். குழந்தையைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் சின்னான் என்பவரும் அவருடைய மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். கதைப்பாடல் அவர்களைச் சக்கிலியர் என்கிறது. நாம் இன்று அருந்ததியர் என்கிறோம். பிறகு அந்தக் குடும்பம் பொம்மண்ண நாயக்கனின் பாளையத்தில் வேலைக்குச் சேர்கிறது. நாயக்கனின் மகள் பொம்மி வயதுக்கு வருகிறாள். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குடிசை கட்டி அவளை இருத்துகிறார்கள். குடிசைக்குக் காவல் இருக்கும் வேலை சின்னானுக்கு. ஒரு மழை நாளில் அப்பாவுக்குப் பதில் மகன் காவலுக்குப் போகிறான். வீரனும் பொம்மியும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், ஊரை விட்டுப் போகிறார்கள். துரத்தி வந்த படையோடு வீரன் மோதுகிறான். அந்தச் சண்டையில் பொம்மியின் தந்தை சாகிறார்.

வீரன் திருச்சியில் படை வேலைக்குச் சேர்கிறான். அங்கிருந்து அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்க மதுரைக்கு அனுப்பப்படுகிறான். அடக்கியும் காட்டுகிறான். மதுரையில் திருமலை நாயக்கரின் அரண்மனையைச் சேர்ந்த ஆடல் மகள் வெள்ளையம்மாளோடு காதல் உண்டாகிறது. இரவில் அவளை அழைத்துப் போகும்போது பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்க அரசன் ஆணையிடுகிறான். வீரன் சாகிறான். பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிரை விடுகிறார்கள். அதன் பிறகு வீரன் தெய்வமாகி, மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசல் அருகே காவல் நிற்கிறான்.

இந்தக் கதையை ஆண்டு வாரியாக அடுக்க முடியாது. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்சிக் காட்சியில் வரும் விசயரங்க சொக்கநாதர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. ஒரே வீரன் இருவரிடமும் வேலை பார்த்திருக்க முடியாது. வாய்மொழிக் கதை அரசர்களைக் கலைத்துப் போடும். அதில் தவறு ஒன்றுமில்லை. ராஜாக்களின் வரிசையை மனப்பாடம் செய்து வைக்க வேண்டிய தேவை நம் முன்னோருக்கு இருக்கவில்லை. எதை அவர்கள் மறக்காமல் காப்பாற்றினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். காவல்காரன், பாளையக்காரர் மகள், காதல், கொலை. இந்த நான்கும் எந்த ஊர்க் கதையிலும் மாறுவதில்லை.

மாறுவது ஒன்றே ஒன்றுதான். அது பிறப்பு.

திருத்தப்பட்ட பிறப்புகள்

காசி ராஜா கதையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை எங்கேயாவது நிற்கிறதா? வீரன் தன் ராஜ பிறப்பை வைத்துப் பொம்மியின் தகப்பனிடம் பெண் கேட்கவில்லை. காசியிலிருந்து ஒரு படையும் அவனைக் காப்பாற்ற வரவில்லை. கை கால் வெட்டப்படும்போது அந்த ராஜ ரத்தம் ஒரு பயனும் தரவில்லை. கதைக்குள் எந்த வேலையும் செய்யாத இந்த ராஜா, கதை கேட்பவரின் மனதுக்குள்தான் வேலை செய்கிறார். 'பரவாயில்லை, அவன் நிஜத்தில் அந்தச் சாதி இல்லை' என்று ஆதிக்கச் சாதிக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளலாம். சாதி தாண்டிய ஒரு திருமணம், அரச குலத்துக்குள்ளேயே நடந்த திருமணமாக ஓசையில்லாமல் மாறிவிடுகிறது.

இது வீரனுக்கு மட்டும் நடந்ததா? பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் பட்டவராயனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முத்துப்பட்டன் கதை. பார்ப்பனரான முத்துப்பட்டன், வாலப்பகடை என்னும் அருந்ததியரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காதலிக்கிறான். பெண் கேட்டு வந்தவனுக்கு வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: குடுமியை எடு, பூணூலை அறு, எங்களைப் போலச் செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் அத்தனையும் செய்கிறான். தமிழ்க் கதைகளிலேயே இப்படி ஒரு மாமனாரைக் காண்பது அரிது. இன்றும் பட்டவராயனுக்கு மக்கள் செருப்பைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையின் ஒரு வடிவத்தில் அந்த இரண்டு பெண்களும் உண்மையில் காட்டில் கண்டெடுக்கப்பட்ட பார்ப்பனக் குழந்தைகள் என்று வருகிறது. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கதைப்பாடல்களைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இது பின்னால் நுழைக்கப்பட்ட திருத்தம் என்று எடுத்துக்காட்டினார்.

காத்தவராயனுக்கும் இதே கதிதான். பறையர் வீட்டில் வளர்ந்தவன், பார்ப்பனப் பெண் ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேறியவன். அவனுக்குச் சிவன் பார்வதியோடு தொடர்புபடுத்தி ஒரு தெய்வப் பிறப்பு. 1958இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடிக்க, டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் இந்தக் கதையும் படமாக வந்தது.

மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் தலித்தாக இருந்தால் ஆணின் பிறப்பு திருத்தப்படுகிறது. பெண் தலித்தாக இருந்தால் பெண்ணின் பிறப்பு திருத்தப்படுகிறது. பொம்மிக்கோ, ஆரியமாலாவுக்கோ, முத்துப்பட்டனுக்கோ யாரும் பிறப்பை மாற்றி எழுதவில்லை. 'இவளும் உண்மையில் சேரியில் பிறந்த குழந்தைதான், நாயக்கர் எடுத்து வளர்த்தார்' என்று ஒரு கதையாவது உண்டா? இல்லை. திருத்தம் எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது.

சட்டம் வந்த பிறகு வந்த படம்

'அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுக்க முடியும்' என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் காலம் என்னவென்று கொஞ்சம் பார்ப்போம்.

சாதி மாறிச் செய்த இந்துத் திருமணங்கள் செல்லும் என்று 1949இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பு, சாத்திரத்தின்படி 'மேல்' சாதிப் பெண் 'கீழ்' சாதி ஆணை மணப்பது பிரதிலோமம். அப்படிப்பட்ட திருமணத்தை நீதிமன்றங்களே ஏற்றதில்லை. 1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டதால் அம்பேத்கர் அமைச்சர் பதவியை உதறினார். 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம், 1955 மே மாதத்தில் இந்துத் திருமணச் சட்டம், அதே ஆண்டு ஜூனில் தீண்டாமைக் குற்றச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஆகவே 'மதுரை வீரன்' வெளியான நாளில், ஓர் அருந்ததிய இளைஞனும் ஒரு நாயக்கர் வீட்டுப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள இந்திய நாட்டுச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. சட்டம் அனுமதித்த ஒன்றை திரையில் காட்டத்தான் துணிச்சல் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். செருப்புத் தைக்கும் வளர்ப்புப் பெற்றோராக நடித்தவர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். இருவரும் மாபெரும் கலைஞர்கள். கலைவாணரின் சமூக அக்கறையில் நமக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர்கள் அன்றைய நகைச்சுவை இணை. ராஜா வீட்டில் நடப்பது சோகம், செருப்புத் தைப்பவர் வீட்டில் நடப்பது சிரிப்பு என்ற பங்கீடு அந்தத் தேர்விலேயே வந்துவிடுகிறது. பிள்ளையைப் பெற்றவர் அரசர், வளர்த்தவர் நகைச்சுவை நடிகர்.

அப்படியானால் நம் தாத்தா பாட்டிகள் ஏன் அந்தப் படத்தை அப்படிக் கொண்டாடினார்கள்? அவர்கள் ஏமாந்து போனார்கள் என்று சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. அவர்கள் பார்த்தது வேறு ஒன்றை. பெரிய நட்சத்திரம் ஒருவர், செருப்புத் தைப்பவரை அப்பா என்று அழைத்து, பாளையக்காரனை எதிர்த்து வாள் சுழற்றுவதை அதற்கு முன் எந்தத் திரை காட்டியது? காசி ராஜாவை அவர்கள் காதில் வாங்கி விட்டுவிட்டார்கள். சின்னானின் மகனைத்தான் மனதில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அன்பை அறுவடை செய்தது யார் என்பது வேறு கேள்வி. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி எழுதிய நூலில், ஒடுக்கப்பட்ட மக்களின் வீரர் கதைகளில் ஊறியிருந்த எதிர்ப்புணர்வை அந்தப் பிம்பம் எப்படித் தனதாக்கிக்கொண்டது என்று விரிவாகப் பேசுகிறார். அரசியல் படிக்கும் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

தீட்டுக் குடிசையின் வாசலில்

இந்தக் கதையில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படும் இடம் போர்க்களமும் அல்ல, அரண்மனையும் அல்ல. பொம்மி இருந்த குடிசை.

வயதுக்கு வந்த பெண் தீட்டு. அவளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, ஊருக்கு வெளியே குடிசையில் இருக்க வேண்டும். சரி, அங்கே காவல் காப்பது யார்? ஏற்கெனவே தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளி வைத்திருக்கும் ஒருவர்தான். பிறந்ததிலிருந்து சாகும் வரை தீட்டு என்று சொல்லப்பட்டவனும், மாதத்தில் சில நாட்கள் தீட்டு என்று சொல்லப்படுபவளும் ஒரே எல்லைக்கு வெளியே சந்திக்கிறார்கள். சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த இரண்டு பேரும் முதல்முறையாக மனிதர்களாகப் பேசிக்கொள்ள முடிந்தது.

அம்பேத்கர் 1916இல், 25 வயது மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். அதன் மையக் கருத்து இதுதான்: சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணம். ஒரு குழு தனக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், அந்தக் குழுவுக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சரிசமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்துவிட்டால் மனைவி 'உபரி' ஆகிறாள். அவள் வெளியே போய் வேறு கல்யாணம் செய்துகொண்டால் சாதி உடையும். அதனால் அவளைக் கணவனோடு எரிப்பது, அல்லது கைம்பெண்ணாக முடக்குவது. மனைவியை இழந்து 'உபரி' ஆகும் ஆணுக்கோ, சாதிக்குள்ளேயே ஒரு சிறுமியைக் கட்டிக்கொடுத்துவிடுவது. உடன்கட்டையும் குழந்தைத் திருமணமும் சாதிக்கு வெளியே இருக்கும் கொடுமைகள் அல்ல, சாதியின் இயந்திர பாகங்கள் என்று அவர் காட்டினார்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதையின் முடிவைப் பாருங்கள். வீரன் செத்த பிறகு பொம்மியும் வெள்ளையம்மாளும் ஏன் சாக வேண்டும்? சாதியைத் தாண்டி வந்த பொம்மிக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அரண்மனையைத் தாண்டிய வெள்ளையம்மாளுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அவர்கள் உயிரோடு இருந்தால் கோட்டைத் தாண்டலாம் என்பதற்கு வாழும் சாட்சி ஆகிவிடுவார்கள். கதை அவர்களைத் தீயில் இறக்கி, பிறகு கும்பிடுகிறது. கற்பு என்று நாம் கைகூப்பும் இடத்தில் இரண்டு பெண்களின் சாவு இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாள் பிடிக்கலாம், கை பிடிக்கக் கூடாது

ராஜாக்களுக்கு வீரன் மேல் ஆரம்பத்தில் எந்தக் கோபமும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருச்சியில் வேலை கொடுத்தார்கள். மதுரையில் படை கொடுத்தார்கள். அழகர்மலைப் பக்கம் போய்ச் சண்டை போடச் சொன்னார்கள். அவன் பிறப்பு அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

யாரோடு சண்டை போடச் சொன்னார்கள் என்பதும் முக்கியம். கதை கள்ளர்களைக் கொள்ளையர் என்று மட்டுமே சொல்கிறது. மதுரை நாயக்கர்களுக்கு எளிதில் பணியாத, தமக்கென நாடும் காவல் உரிமையும் வைத்திருந்த மக்கள் அவர்கள். பின்னாளில் பிரிட்டிஷ் அரசு கள்ளர்களில் பலரைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றது. ஒடுக்கப்பட்ட ஒருவனின் கையில் வாளைக் கொடுத்து, அடங்காத இன்னொரு கூட்டத்தின் மேல் ஏவுவது ஆட்சியாளர்களுக்குப் பழகிய வழி. இன்று இந்தச் சாலையின் இரு பக்கமும் இருக்கும் இளைஞர்கள் சாதிக் கயிறு கட்டி முறைத்துக்கொள்ளும்போது, இந்தப் பழைய கணக்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆக, வீரன் வாள் பிடிக்கலாம், அரசனுக்காகச் சாகலாம், கொல்லலாம். ஒரு பெண்ணின் கையைப் பிடித்ததும்தான் கையை வெட்டினார்கள்.

அரச குடும்பங்களில் 'மானம்' என்ற சொல்லின் பொருள் என்ன என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டார். இருவரும் நாயக்க அரசர்கள். ஆனாலும் மதுரைக்காரர் தமக்குச் சமம் அல்ல என்று தஞ்சையார் மறுத்தார். 1673இல் மதுரைப் படை தஞ்சைக்குப் போனது. தோல்வி உறுதி என்று தெரிந்ததும் அந்தப்புரத்துப் பெண்கள் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று வெடிமருந்து வைத்து அத்தனை பேரையும் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு விஜயராகவர் போர்க்களத்தில் செத்தார். தஞ்சை நாயக்கர் ஆட்சி அத்தோடு வீழ்ந்தது. அரசக் கல்யாணப் பேச்சு ஒன்று இப்படித்தான் முடிந்தது. அந்தப் பெண்களில் யாரிடமாவது விருப்பம் கேட்டார்களா? ராஜா வீட்டு மானமும் பெண்ணின் உடம்பின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. திரையில் பட்டும் நகையும் மின்னுவதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிழக்கு வாசலில் நின்றவன்

வீரன் மீனாட்சி கோயில் வாசலில் தெய்வமானான் என்று கதை பெருமையோடு முடிகிறது. அந்தப் பெருமையையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். வீரனைக் குலசாமியாகக் கும்பிட்ட மக்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது எப்போது? 1939 ஜூலை 8 அன்று. அ. வைத்தியநாதய்யர் அழைத்துச் செல்ல, கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் அன்று உள்ளே நுழைந்தார்கள். கக்கன் பிறந்த தும்பைப்பட்டி நம் மேலூர்ப் பக்கம்தான். காவல் சாமி வாசலில், அவரைக் கும்பிடும் மக்கள் வாசலுக்கும் வெளியே. செத்த பிறகும் வீரனுக்குக் கிடைத்தது சின்னான் பார்த்த அதே காவல் வேலை.

ஆனால் மக்கள் தங்கள் சாமியைக் கோயில் வாசலோடு விட்டுவிடவில்லை. 1853இலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தமிழ்க் கூலித் தொழிலாளர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இன்றும் மாரியம்மனுக்குப் பக்கத்தில் மதுரை வீரன் நிற்கிறார். அங்கே அவர் பெயர் 'மால்தெவிலின்'. மொழி மறந்த பிறகும், ஊர் மறந்த பிறகும் அந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இவரை மறக்கவில்லை. அவர்களோடு கடல் தாண்டிப் போகச் சாமிக்கு ராஜ பிறப்பு தேவைப்பட்டிருக்காது.

அதே சாலையில், இன்று

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் உலகனேரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. 2004இல் திறக்கப்பட்டது. வீரன் கதையின் இன்றைய வடிவங்கள் வழக்கு எண்களாக இங்கே வந்து சேர்கின்றன.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் தன்னோடு படித்த ஆதிக்கச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யா உயிர் தப்பி, சொந்தப் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். தீயில் இறங்க மறுத்த பொம்மி அவர். கதைப்பாடல் எழுதத் துணியாத முடிவை அவர் எழுதினார்.

கோகுல்ராஜுக்குக் காசி ராஜா கிடையாது. சங்கருக்கும் கிடையாது. திரையில் நாயகன் பிழைக்க ராஜ பிறப்பு வேண்டும் என்று பழகிப்போன பொதுப்புத்தி, நிஜத்தில் அந்தப் பிறப்பு இல்லாதவன் சாகும்போது, 'அவன் ஏன் அந்தப் பெண்ணோடு பழகினான்?' என்று கேட்கிறது. பொம்மண்ண நாயக்கன் சொன்னதும் அதுதானே: என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 2012 தருமபுரி வன்முறையைச் சுற்றி ஊதப்பட்ட 'நாடகக் காதல்' என்ற அவதூறும் அதேதான். பெண் தானாக விரும்பினாள் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், சாதி மறுப்பு இணையர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2016 ஏப்ரலில் உத்தரவிட்டார். 'மதுரை வீரன்' வெளியாகி 60 ஆண்டுகள் நிறைந்த மாதம் அது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது: வயது வந்த இருவரின் சம்மதம் போதும், குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ குறுக்கிட உரிமை இல்லை, 24 மணி நேர உதவி எண்ணும் தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லமும் வேண்டும். சுயமரியாதைத் திருமணம் 1967இலேயே தமிழ்நாட்டில் சட்டமாகிவிட்டது. மாலை மாற்றிக்கொண்டாலே போதும், ஐயரும் வேண்டாம், தீயும் வேண்டாம். இவையெல்லாம் நம் கையில் இருக்கும் வாள்கள். உங்கள் மாவட்டத்தில் அந்தச் சிறப்புப் பிரிவு உண்மையில் இயங்குகிறதா, உதவி எண்ணை யாராவது எடுக்கிறார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே போக வேண்டும்.

சின்னானின் மகன்

எங்கள் ஒத்தக்கடைப் படிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைப் பேசியபோது, கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: 'வீரனோட அம்மா அப்பா பேரை ஏன் யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க?' காசி ராஜா எல்லாருக்கும் தெரியும், சின்னானைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். அன்றைக்கு எங்களில் பாதிப் பேருக்கு மேல் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் இளைஞர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர் வீரன் கோயிலில் வருடக் கொடை நடக்கும்போது போன் எடுத்துப் போங்கள். கதை பாடும் பெரியவர்களை, சாமியாடிகளை, பாட்டிகளைக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள். வீரன் எங்கே பிறந்தான் என்று கேளுங்கள். காசி என்று சொல்கிறார்களா, நம் ஊர் என்று சொல்கிறார்களா? பொம்மிக்கு என்ன ஆயிற்று, வெள்ளையம்மாள் என்ன பேசினாள் என்றும் கேளுங்கள். அச்சிட்ட புத்தகமும் திரைப்படமும் சொல்வது ஒரு வடிவம் மட்டுமே. நம் தெருக்களில் வேறு வடிவங்கள் இருக்கின்றன. பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வீரன் யார் வீட்டுப் பிள்ளை என்று அடுத்த முறை யாராவது கேட்டால் தயங்க வேண்டாம். அவர் செருப்புத் தைத்த சின்னானின் மகன். பொம்மியைக் கட்டிக்கொள்ள அவருக்கு வேறு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. பொம்மிக்கு அவரைப் பிடித்திருந்தது, அது போதும்.

ஜெய் பீம்.